பரோலோவின் நான்கு தோட்டங்கள்

தூரின், இத்தாலி

அன்புள்ள ரகு,

அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. நான் விசாரித்ததாகச் சொல். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. மற்றபடி எல்லோரும் நலம்.

பரோலோ ஒயின் மீது எனக்கு ஏன் இவ்வளவு பிடிப்பு என்று கேட்டிருந்தாய். தூரினுக்குத் தெற்கே உள்ள லாங்கே குன்றுகளில், 11 ஊர்களின் எல்லைக்குள் விளையும் நெப்பியோலோ திராட்சையில் மட்டுமே அதைச் செய்யலாம். சீக்கிரம் துளிர்த்து, அக்டோபர் வரை பழுக்காமல் விவசாயியின் உயிரை வாங்கும் கொடி அது. ஒயினின் நிறமோ வெளிறிய சிவப்பு. இதில் என்ன வலு இருக்கப்போகிறது என்று தோன்றும். முகர்ந்தால் காய்ந்த ரோஜா, கூடவே தார் வாசனை. ஒரு வாய் குடித்ததும் பச்சை வாழைப்பூவைக் கடித்தது போல நாக்கை இழுக்கும் துவர்ப்பு, அதன் பின்னாலேயே புளிப்பு. அந்த இரண்டும்தான் இந்த ஒயினைப் பல பத்தாண்டுகள் தாங்கி நிறுத்துகின்றன. துவர்ப்பு அடங்குவதற்காகவே குறைந்தது 38 மாதங்கள், அதில் 18 மாதங்கள் மரப்பீப்பாயில், வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது.

நான் மிகவும் மதிக்கும் ஒயின் தயாரிப்பாளர் பர்த்தோலோ மஸ்கரெல்லோ. 1980களிலும் 90களிலும் பலர் புதிய ஓக் மரத்தில் செய்த சிறிய பீப்பாய்களுக்கு மாறினார்கள். ஒயின் சீக்கிரம் மென்மையானது, வெனிலா மணத்தது, வெளிநாடுகளில் விற்றது. தனித்தோட்டத்தின் பெயரை லேபிளில் போட்டால் மதிப்பும் கூடியது. இவர் இரண்டையும் மறுத்தார். கன்னூபி, சான் லொரென்சோ, ருவே, லா மோர்ரா ஊரின் ரொக்கே என்ற நான்கு தோட்டங்களின் பழத்தையும், அப்பா செய்தபடியே, ஒரே பரோலோவாகச் சேர்த்தார். கன்னூபி என்ற பெயர் ஒன்றே போதும், விலை ஏறிவிடும், அதையும் விட்டுக்கொடுத்தார். முதுமையில் தன் கையால் வரைந்த லேபிளில் 'சிறு பீப்பாயும் வேண்டாம், பெர்லுஸ்கோனியும் வேண்டாம்' என்று எழுதினார். மீண்டும் நாட்டின் பிரதமராகத் துடித்த பெரும் பணக்காரரின் பெயரை ஒயின் புட்டியில் எழுத எவ்வளவு துணிச்சல் வேண்டும்!

மாறியவர்கள் எல்லாம் தவறு செய்தார்கள் என்று சொல்லமாட்டேன். நிலவறைகள் சுத்தமானதிலும், கொடியில் குலைகளைக் குறைத்துத் தரம் கூட்டியதிலும் அவர்களுக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் அந்த வெனிலா மணம் ரோஜாவை மூடிவிட்டது என்பதே என் எண்ணம். 2005இல் அவர் மறைந்த பிறகு மகள் மரியா தெரேசா அதே போலத் தோட்டங்களின் பழத்தைச் சேர்த்து, அதே பெரிய பீப்பாய்களோடு தொடர்கிறார்.

அவர்களுடைய பரோலோ என் சம்பளத்துக்கு எட்டாது. நீ வரும்போது திறக்க, அதே குன்றுகளின் எளிய நெப்பியோலோ ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். மாலையில் குடிப்பதென்றால் மதியமே திறந்துவிட வேண்டும். எந்த ரயிலில் வருகிறாய் என்று உடனே எழுது, நிலையத்துக்கு வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
சேகர்