ஏணி வழக்கும் பித்தளைத் தகடும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து ஏணி வழக்கைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். இதைத் தமிழில் யாராவது எழுத மாட்டார்களா என்று நினைத்துக்கொண்டிருந்ததால் சந்தோஷமாக இருந்தது. ஆனால் நில எல்லை காட்டும் செல்போன் செயலிதான் வேட்டைக்காரர்களுக்கு வழக்கை ஜெயித்துக் கொடுத்தது என்ற ரீதியில் கட்டுரையை முடித்திருக்கிறீர்கள். அதை அப்படியே விட மனம் வரவில்லை. நான் கொலராடோவில் நில அளவை வேலையில் இருப்பவன். வேட்டைக்குப் போகிறவன் இல்லை. ஆனால் அக்டோபர் பிறந்தால் எங்கள் அலுவலகத்தில் பாதிப்பேர் எல்க் மான் வேட்டைக்கு லீவு போட்டுவிடுவார்கள். திங்கட்கிழமை திரும்பி வந்ததும் செல்போனை என்னிடம் நீட்டி, "இந்தக் கோடு சரிதானே?" என்று கேட்பார்கள்.

கட்டுரையைத் தவறவிட்டவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கண்டத்தின் குறுக்கே ரயில் பாதை போடுவதற்காக 1862-இல் அமெரிக்க அரசு ரயில் கம்பெனிகளுக்கு நிலம் கொடுத்தது. பாதையின் இருபுறமும் மைலுக்கு மைல் கட்டம் பிரித்து, ஒற்றைப்படை எண் கட்டங்கள் கம்பெனிக்கு, இரட்டைப்படை எண் கட்டங்கள் அரசுக்கு என்று ஒதுக்கினார்கள். ஒரு கட்டம் 640 ஏக்கர். மேலிருந்து பார்த்தால் சதுரங்கப் பலகைதான். கம்பெனி நிலங்கள் பிற்பாடு பண்ணைக்காரர்கள் கைக்குப் போயின. நடுநடுவே இருக்கிற அரசு நிலம் பொதுமக்களுடையது, ஆனால் அதற்குப் போக வழி இல்லை. இரண்டு அரசுக் கட்டங்கள் ஒரே ஒரு புள்ளியில் மூலையோடு மூலை முட்டும். அதே புள்ளியில் இரண்டு தனியார் கட்டங்களும் முட்டும். அங்கே தாண்டினால், மண்ணை மிதிக்காவிட்டாலும் உடம்பு தனியார் நிலத்துக்கு மேலே கொஞ்சம் நீளத்தான் செய்யும்.

2021-இல் மிசௌரியிலிருந்து வந்த நான்கு வேட்டைக்காரர்கள், வயோமிங்கின் கார்பன் கவுண்டியில் (கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி) எல்க் மலைப் பக்கம் அப்படியொரு மூலையில் இரும்பு ஏணியை விரித்து வைத்து, தனியார் மண்ணை மிதிக்காமல் ஓர் அரசுக் கட்டத்திலிருந்து அடுத்த அரசுக் கட்டத்தில் இறங்கினார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் ஒரு பெரும் பணக்காரர். அத்துமீறல் என்று குற்ற வழக்கும் சிவில் வழக்கும் போட்டார்கள். 2022-இல் குற்ற வழக்கில் ஜூரி நால்வரையும் விடுவித்தது. சிவில் வழக்கில் 70 லட்சம் டாலருக்கும் மேல் நஷ்டம் என்று நில உடைமையாளர் தரப்பு கணக்குச் சொன்னது. 2023-இல் மாவட்ட நீதிமன்றமும், 2025 மார்ச்சில் பத்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றமும் வேட்டைக்காரர்கள் பக்கமே தீர்ப்புச் சொல்லின. அதே வருஷம் அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்துவிட்டது.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

அவர்கள் பயன்படுத்திய ஆன்எக்ஸ் செயலி மொன்டானாவின் மிசூலா ஊரில் பிறந்தது. செல்போனுக்கு வருவதற்கு முன் ஜிபிஎஸ் கருவியில் சொருகும் மெமரி கார்டாக விற்றார்கள். அது செய்த நல்ல காரியத்தை நான் மறுக்கவே மாட்டேன். முன்பெல்லாம் எந்த நிலம் யாருடையது என்று தெரிய வேண்டுமானால் கவுண்டி அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் புரட்ட வேண்டும். வெளியூரிலிருந்து நாலு நாள் வேட்டைக்கு வருபவர் அதையெல்லாம் செய்வாரா? பண்ணைக்காரர் அரசு நிலத்தைச் சுற்றி 'உள்ளே வராதே' என்று பலகை மாட்டினால், நம்பித் திரும்பிப் போவார். அந்த அறியாமையே பாதி வேலியாக இருந்தது. இன்று திரையைத் தட்டினால் உடைமையாளர் பெயர் வருகிறது. சிக்னல் இல்லாத மலையிலும், முன்கூட்டியே வரைபடத்தை இறக்கி வைத்திருந்தால் போதும்.

ஆனால் திரையில் தெரியும் அந்தக் கோடு எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கவுண்டி வரி அலுவலகத்தின் நில வரைபடத்திலிருந்து. யாருக்கு எவ்வளவு வரி போடுவது என்பதற்காக வரைந்தது அது. கல் எங்கே நட்டிருக்கிறது என்று போய்ப் பார்த்து வரைந்ததல்ல. சில கவுண்டிகளில் கோடு அச்சாகப் பொருந்தும். சில இடங்களில் வேலியிலிருந்து பல அடி தள்ளி, ஓடையின் நடுவில் போகும். இதோடு போனின் பிழையும் சேரும். திறந்த வானத்தின் கீழேயே சாதாரண செல்போன் ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டர் முன்னே பின்னே காட்டும். மரங்களுக்கு நடுவிலும் பள்ளத்தாக்கிலும் இன்னும் மோசம். நான்கு நிலங்கள் சந்திக்கும் மூலைக்கோ அகலமே கிடையாது. ஐந்து மீட்டர் பிழையை வைத்துக்கொண்டு அதில் ஏணி வைக்க முடியாது.

அப்படியானால் அந்த நால்வர் எப்படி வைத்தார்கள்? செயலி அவர்களை மூலைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் விட்டது, அவ்வளவுதான். அங்கே நில அளவை அடையாளம் மண்ணிலேயே இருந்தது. அதைப் பார்த்துத்தான் ஏணியை விரித்தார்கள். நம் ஊரில் சர்வே கல் என்கிறோமே, அதே சங்கதி. இங்கே பல இடங்களில் அது ஓர் இரும்புக் குழாயின் தலையில் பதித்த வட்டப் பித்தளைத் தகடு, உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. நான்கு கட்டங்களின் எண்கள், அளந்த வருஷம், பெயர்த்தால் 250 டாலர் அபராதம் என்ற எச்சரிக்கை எல்லாம் அதில் அச்சு அச்சாக வெட்டியிருக்கும். இன்னும் பழைய மூலைகளில் தகடும் இல்லை. விளிம்பில் உளியால் கீறல் போட்ட ஒரு கல்தான். எத்தனை கீறல் என்று எண்ணித்தான் எந்த மூலை என்று கண்டுபிடிக்க வேண்டும். பல இடங்களில் மாடு மிதித்தும் ரோடு போட்டும் அந்தக் கல்லும் போய்விட்டது.

கட்டுரையில் விட்டுப்போன முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்து அளவையாளர்கள் 66 அடிச் சங்கிலியை இழுத்துக்கொண்டு மலையேறினார்கள் (சென்னை மாகாணத்து நிலங்களை அளந்த அதே கன்டர் சங்கிலி). வெயில், பனி, சரிவு என்று எல்லாம் சேர்ந்து தவறு நேர்ந்தது. மைல் கட்டம் மைலாக இருக்காது. ஆனாலும் இங்கே சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? அன்று அளவையாளர் நட்ட கல் எங்கே இருக்கிறதோ அதுவே மூலை, கணக்குப்படி தப்பான இடத்தில் நட்டிருந்தாலும் சரி. இன்றைக்குச் செயற்கைக்கோளை வைத்து எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அந்தக் கல்லை நகர்த்த முடியாது. ஆக, நாளைக்கே செல்போன் ஒரு அங்குலம்கூடப் பிசகாமல் காட்டினாலும், அது எல்லையைத் தீர்மானிக்கப் போவதில்லை. வேட்டைக்குப் போகிறவர்கள் நில மேலாண்மைத் துறையின் இணையதளத்தில் பழைய அளவைக் குறிப்புகளையும் வரைபடங்களையும் இலவசமாகவே பார்க்கலாம். என் அலுவலக நண்பர்களிடம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. ஒருவரும் பார்ப்பதில்லை.

இன்னொன்று. செயலி வேட்டைக்காரர்களுக்கு உதவியது என்று மட்டும் எழுதியிருக்கிறீர்கள். அதே செயலி அவர்களுக்கு எதிராகவும் சாட்சி சொல்ல வந்தது. அவர்களில் ஒருவரின் கணக்கிலிருந்த விவரங்களை நில உடைமையாளர் தரப்பு கேட்டு வாங்கியது. அதில் 'வேபாயிண்ட் 6' என்று ஒரு குறி, தனியார் நிலத்துக்குள் இருந்தது. ஆள் அங்கே போய்க் குறித்தாரா, வேறெங்கோ உட்கார்ந்துகொண்டு வரைபடத்தில் விரலால் தட்டினாரா என்ற தகராறு கொஞ்ச காலம் ஓடி, விசாரணைக்குப் போகாமலே முடிந்தது. எல்லையைப் பார்க்கத்தான் செயலி என்று நினைப்பவர்கள், அது நம்மையும் குறித்துவைக்கிறது என்பதை மறந்துவிடுகிறார்கள்.

தீர்ப்பு சரியானது என்பதே என் கருத்து. 1885-இல் வந்த சட்டம், பொது நிலத்தை வேலி போட்டு மடக்குவதைத் தடுக்கிறது. 1897-இல் இதே கொலராடோவில் ஒருவர் தன் ஒற்றைப்படைக் கட்டங்களுக்குள் மட்டும் வேலி போட்டு, சுமார் 20,000 ஏக்கர் அரசு நிலத்தை மடக்கப் பார்த்தபோது உச்ச நீதிமன்றம் அது செல்லாது என்றது. ஏணி வழக்கு அதன் வாரிசுதான். அதற்காகப் பண்ணைக்காரர்கள் சொல்வது எல்லாமே பணக்காரப் புலம்பல் என்று கட்டுரை ஒதுக்கியதை ஏற்க முடியாது. கொலராடோவில் தனியார் நிலத்துக்கு வேலியோ பலகையோ இருந்தே தீர வேண்டும் என்றில்லை; எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்வது வேட்டைக்காரரின் பொறுப்பு. திரையைப் பார்த்துக்கொண்டே நடந்து வேறொருவர் மேய்ச்சல் நிலத்துக்குள் போய்விட்டு, 'செயலி அப்படித்தான் காட்டியது' என்று ஒருவர் சொன்னால், மாடு வளர்ப்பவருக்குக் கோபம் வராதா?

கடைசியாக ஒரு திருத்தம். 'இனி அமெரிக்கா முழுதும் மூலை தாண்டலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். உச்ச நீதிமன்றம் வழக்கை ஏற்க மறுத்ததே தவிர, தீர்ப்புச் சொல்லவில்லை. எனவே பத்தாவது வட்டாரத்துக்குள் வரும் வயோமிங், கொலராடோ, யூட்டா, நியூ மெக்சிகோ, கேன்சஸ், ஓக்லஹோமா ஆகிய ஆறு மாநிலங்களுக்குத்தான் அந்தத் தீர்ப்புப் பொருந்தும். செயலி பிறந்த மொன்டானா அந்தப் பட்டியலில் இல்லை. மூலை தாண்டுவது அங்கே சட்டத்துக்குப் புறம்பு என்றே மாநிலத் தரப்பில் சொல்கிறார்கள். உங்கள் வாசகர்களில் டென்வர், சால்ட் லேக் பக்கம் இருப்பவர்கள் சிலர் எல்லை தாண்டி மொன்டானாவுக்கும் வேட்டைக்குப் போவதுண்டு. அடுத்த இதழில் இந்தத் திருத்தத்தை வெளியிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்
ஃபோர்ட் காலின்ஸ், கொலராடோ