துப்புரவுக் கருவிக்கு விளக்கக் குறிப்பு

வணக்கம் நண்பர்களே. ஏஐ ஏஜென்டுகள் சோதனைக்காகத் திறக்கும் கண்டெய்னர்களை, அதாவது நிரல்களைத் தனியாக ஓடவிடும் சூழல்களை, துடைக்கும் நம் கருவிக்கு இன்னும் விளக்கக் குறிப்பு இல்லை. முதலில் எழுத வேண்டியது, அது எதை அழிக்கும், எதைத் தொடாது என்பதுதான். அதன் உள்ளே ஓடும் 'டாக்கர் சிஸ்டம் புரூன்' (கண்டெய்னர்களை நடத்தும் டாக்கர் மென்பொருளின் துப்புரவுக் கட்டளை) நின்றுபோன கண்டெய்னர், பயன்படாத நெட்வொர்க், பில்ட் கேஷ் (கண்டெய்னருக்கான இமேஜைக் கட்டும்போது சேரும் இடைக்காலக் கோப்புகள்) எல்லாவற்றையும் நீக்கும். ஆனால் வால்யூமை, அதாவது கண்டெய்னர் போனாலும் தரவு தங்கும் சேமிப்பிடத்தை, தானாகத் தொடாது. டேட்டாபேஸின் பழைய தரவு அங்கேயே தங்கி, அதே வால்யூமை எடுக்கும் அடுத்த சோதனையைக் கெடுத்துவிடும். இதைக் கட்டாயம் தெளிவாக எழுதுங்கள்.

அப்புறம், 'தொடரலாமா?' என்று கருவி கேட்கும் இடத்தில் ஏஜென்ட் அப்படியே நின்றுவிடலாம். அந்தக் கேள்வியைத் தவிர்க்கும் வழியைச் சொல்லும்போதே, அழிக்கும் முன் பட்டியலைப் பார்க்கும் வழியையும் சொல்லிவிடுங்கள். வரைவை வெள்ளிக்குள் இங்கே போடுங்கள். சனிக்கிழமை காலை பிரிக்பீல்ட்ஸில் பசியாறும்போது சேர்ந்து படித்துவிடலாம்.