என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், எய்யா

அன்புள்ள எய்யா,

சாரை நான் கல்யாணம் செய்துகொள்ளப்போவதைப் பற்றிப் போனில் சொன்னால் பாதியிலேயே "அம்மா, நான் சொல்றதைக் கேளு" என்று ஆரம்பித்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். மருமகளிடமும் காட்டு. அவளுக்குத் தெரியாதது இதில் ஒன்றும் இல்லை. சொல்லப்போனால் இந்தக் கடிதத்துக்குக் காரணமே அவள்தான்.

போன வாரம் அவள் ஒரு படம் பார்க்கச் சொன்னாள். "அத்தை, தனியா உக்காந்து பாருங்க, அவர்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க" என்றாள். சொல்லிவிட்டேன். பரவாயில்லை, அவளைத் திட்டாதே. 'சைரஸ்' என்று பெயர், 2010-இல் வந்த அமெரிக்கப் படம். ஜே டூப்ளாஸ், மார்க் டூப்ளாஸ் என்று அண்ணன் தம்பி இரண்டு பேர் சேர்ந்து எடுத்தது. மொத்தமே நாலைந்து பேரைச் சுற்றித்தான் கதை. நடிகர்களை அந்தந்த நேரத்தில் தோன்றுவதைப் பேச விட்டு எடுப்பார்களாம். அதனால் பக்கத்து வீட்டுப் பேச்சை ஜன்னல் வழியாக ஒட்டுக்கேட்பது மாதிரியே இருக்கிறது. கேமரா மட்டும் கையில் ஆடிக்கொண்டே இருக்கிறது, திடீரென்று ஒருவர் முகத்துக்கு நேரே பாய்கிறது. எனக்கு முதல் பத்து நிமிஷம் தலைசுற்றல்.

கதை இதுதான். ஜான் என்று ஒருத்தன், விவாகரத்தாகி ஏழு வருஷம். முன்னாள் மனைவிக்கு மறுபடியும் கல்யாணம் நிச்சயமாகிறது. இவன் கிடக்கிற கிடையைப் பார்த்து அவளே ஒரு விருந்துக்கு இழுத்துப்போகிறாள். அங்கே மாலி என்கிற பெண் அறிமுகமாகிறாள். அந்த முதல் சந்திப்பு எப்படி என்பதை ஒரு தாய் மகனுக்கு எழுத முடியாது, நீயே பார்த்துக்கொள். இரண்டு பேருக்கும் பிடித்துப்போகிறது. ஆனால் மாலி ராத்திரி தங்காமல் எழுந்து போய்விடுகிறாள். ஏன் என்று தெரியாமல் ஜான் பின்னாலேயே போய்ப் பார்த்தால், வீட்டில் 21 வயதில் ஒரு மகன். அவன்தான் சைரஸ். அம்மாவும் பிள்ளையும் மட்டுமே உலகம். ஜானைப் பார்த்து வாய் நிறையச் சிரிக்கிறான், மரியாதையாகப் பேசுகிறான், தான் போட்ட எலெக்ட்ரானிக் இசையை வாசித்துக்காட்டுகிறான். ஜோனா ஹில் நடித்திருக்கிறார். அந்தப் பார்வையில் இமையே அசையாது. இவன் ஏதோ செய்யப்போகிறான் என்று நமக்கு வயிற்றைக் கலக்கும்.

அப்புறம் ஜானுடைய ஷூ காணாமல் போகிறது.

நான் அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். சிரிப்பு தாங்கவில்லை. ஜனவரியில் நீ லீவில் வந்திருந்தபோது சார் நம் வீட்டுக்கு வந்தாரே, கிளம்பும்போது செருப்பைக் காணோம். "தெருநாய் தூக்கிட்டுப் போயிருக்கும் சார்" என்று எவ்வளவு அக்கறையாக நீ வாசல்வரை போய்த் தேடினாய்! அறுபத்திரண்டு வயசு மனுஷன் அப்பாவுடைய பழைய செருப்பையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு வெறுங்காலோடு ஆட்டோ ஏறிப் போனார். நீ போனபிறகு அடுக்குப் பானை எடுக்கப் பரணில் ஏறினேன். ஒரு ஜோடி, தினத்தந்தியில் சுற்றி, மேலே சணல் கயிறு வேறு. நாய் கயிறு கட்டுமா எய்யா?

கேட்கவேண்டாம் என்று விட்டிருந்தேன். அந்தப் படம் பார்த்த பிறகு விட மனசில்லை.

வராந்தாக் கேமராவையும் பேசிவிடுவோம். திருடனுக்காக என்று சொல்லி மாட்டிவிட்டுப் போனாய். சரி. சார் முருங்கைக்காய்க் கட்டோடு படியேறி வருகிறார், மேலேயிருந்து "அம்மா, யாரு அது?" என்று உன் குரல். அதில் பேசவும் முடியும் என்று எனக்கே அன்றுதான் தெரியும். பாவம், மனுஷன் கட்டைக் கீழே போட்டுவிட்டு உத்தரத்தைப் பார்த்துக் கும்பிட்டார். "வணக்கம் தம்பி, நான் பொதுப்பணித்துறையில ரிட்டையர்டு. டீச்சருக்கு முருங்கைக்காய் குடுக்க வந்தேன்" என்று கேமராவிடம் விளக்கம் சொன்னார். எதிர்வீட்டு ஆச்சி வெளியே வந்து வேடிக்கை பார்த்தாள். இன்றைக்கும் அவளுக்கு வாரத்தில் ஒருநாளாவது அதைச் சொல்லிச் சிரிக்கவேண்டும்.

சாயங்காலப் போன் இன்னொன்று. நாங்கள் ஆறு மணிக்கு நடக்கப் போகிறோம் என்று தெரிந்த நாளிலிருந்து சரியாக ஆறுக்கு அழைக்கிறாய். இங்கே ஆறு என்றால் உனக்கு ராத்திரி 11.30. காலையில் வேலைக்குப் போகிற பிள்ளை கண் விழித்து உட்கார்ந்து, தலைவலி என்கிறாய், நெஞ்சு படபடப்பு என்கிறாய், "நீ பக்கத்துல இருந்தா நல்லா இருக்கும்மா" என்கிறாய். சைரஸும் தனியாகப் போய் இருக்கிறேன் என்று கிளம்பிவிட்டு, மூச்சு முட்டுகிறது என்று திரும்பி வந்து நிற்பான். உனக்கு நிஜமாகவே படபடப்பு என்றால் டாக்டரைப் பார். நான் கணக்கு டீச்சர்.

படத்தில் எனக்குப் பிடித்தது, அந்தப் பையனைக் கடைசிவரை வில்லனாக்கவில்லை. அவன் செய்கிற ஒவ்வொரு கோளாறுக்கும் அடியில் பயம் தெரிகிறது. முன்னாள் மனைவியின் கல்யாணத்தில் ஜானும் அவனும் கட்டிப் புரண்டு மானத்தை வாங்குகிறார்கள். அதற்குப் பிறகு அவனே மனசு மாறி, ஜானைத் தேடிப்போய்த் திரும்பிவரச் சொல்கிறான். எனக்கே கண் கலங்கிவிட்டது. உன்மேலும் எனக்குக் கோபம் இல்லை. அப்பா இறந்த வருஷம் நீ தினமும் மூன்று வேளை "சாப்பிட்டியா" என்று கேட்டது மறக்கவில்லை.

பிடிக்காத ஒன்றும் உண்டு. அதற்காகத்தான் இவ்வளவு நீட்டுகிறேன். மாலியாக மரிசா டோமெய் என்ன அழகாகச் செய்திருக்கிறாள்! ஆனால் கதை முழுக்க ஜான் பக்கத்திலிருந்தே போகிறது. ஜானும் சைரஸும் அவளுக்குத் தெரியாமல் மோதிக்கொள்கிறார்கள், அவளுக்கு எதிரே ஒருத்தரை ஒருத்தர் பார்த்துப் பல்லைக் காட்டுகிறார்கள். சமாதானமும் அவர்களே. "அம்மா, உனக்கு என்ன வேண்டும்?" என்று ஒருத்தன் உட்கார்ந்து கேட்டு, அவள் சாவகாசமாகப் பதில் சொல்கிற மாதிரி ஒரு காட்சி வைத்திருக்கலாம். அவள் இத்தனை வருஷம் எப்படி இருந்தாள் என்பதை நாமே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

நீயும் அதேதான். சாருடைய சுகரைக் கேட்டாய், பென்ஷனைக் கேட்டாய், கடன் உண்டா என்று கேட்டாய். இருபது வருஷமாக வெளிநாட்டில் இருக்கிறவன், எல்லாவற்றுக்கும் முதலில் "நம்ம ஆளுங்களாம்மா?" என்று கேட்டாய். இல்லை என்றால் என்ன, ஆமாம் என்றால் என்ன? அதற்கு நான் பதில் சொல்லப்போவதில்லை. என்னிடம் மட்டும் ஒரு கேள்வியும் இல்லை. நீ கேட்காததால் நானே சொல்கிறேன்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் உனக்கு லைன் கிடைக்காமல் தவித்தாயே, அன்றைக்கு ஆரம்பித்தது. அதுவரை நடைபாதையில் பார்த்துத் தலையாட்டுகிற பழக்கம், போன் நம்பர் வரைக்கும்தான். அன்றைக்குக் கூப்பிட்டார். "டீச்சர், பாபநாசம் அணையில தண்ணி தொறந்தாச்சு. குறுக்குத்துறை கோயில் மூழ்கட்டும்னு காத்திருக்காதீய, கீழ இருக்கிற சாமானை இப்பவே மாடிக்கு ஏத்திருங்க." ஊரே குறுக்குத்துறை முருகன் கோயிலைப் பார்த்துத்தானே வெள்ளத்தை அளக்கும். இவர் ஆற்றிலேயே வேலை பார்த்தவர். தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டையும் ஸ்ரீவைகுண்டம் வரைக்கும் வரிசையாகச் சொல்வார், எந்தக் கால்வாய் எந்த அணையில் பிரிகிறது என்பதும் அத்துப்படி. நான் ஏற்றினேன். வண்ணார்பேட்டைக்குள் தண்ணீர் வந்தபோது பீரோ, அப்பாவுடைய புத்தகங்கள், உன் பள்ளிக்கூடச் சான்றிதழ்கள் எல்லாம் மாடியில் இருந்தன. உன் பிளஸ் டூ மார்க் ஷீட்டைக் காப்பாற்றியவர் செருப்பைத்தான் நீ பரணில் போட்டாய்.

ஆனால் அதற்காக ஒருத்தரைப் பிடித்துவிடாது. நன்றி வரும், அவ்வளவுதான். பிடித்தது வேறொரு நாள். சுலோச்சன முதலியார் பாலத்தில் நடந்துகொண்டிருந்தோம். 1843-இல் திறந்த பாலம், முதலியார் தன் சொந்தப் பணத்தைப் போட்டுக் கட்டினார் என்பது நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரியும். அவர் மனைவி நகையைக் கழற்றிக் கொடுத்தாள் என்றும் சொல்வார்கள். நானும் வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். சார் நின்றார். "டீச்சர், பாலத்துக்கு அவர் பேரு. நகையைக் கொடுத்த அம்மா அதைச் சந்தோஷமாத்தான் குடுத்தாளான்னு யாராவது கேட்டிருப்பாங்களா?" என்றார். எனக்கு அப்படி ஒரு கேள்வி தோன்றியதே இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் தூக்கம் வரவில்லை.

அப்பாவை மறந்துவிட்டேனா என்று கேட்டாய். அது என்னைப் பற்றிய கேள்வி மாதிரி இருக்கும், ஆனால் கேள்வி இல்லை, குற்றச்சாட்டு. அப்பா நல்லவர். அவரோடு இருந்த வாழ்க்கையில் எனக்குக் குறை கிடையாது. அவருக்கு நடக்கப் பிடிக்காது, சினிமாவுக்குப் போனால் இடைவேளைக்கு முன்னாலேயே குறட்டை. அவர் போட்டோ ஹாலில் அதே இடத்தில்தான் இருக்கிறது, இனிமேலும் இருக்கும். சார் அதைப் பார்த்து ஒருநாளும் முகம் சுளித்தது இல்லை. ஆணி ஆடுகிறது என்று சொல்லி வேறு ஆணி அடித்துக் கொடுத்தவரே அவர்தான்.

இனி கணக்கு. சித்தப்பா உன்னிடம் என்னென்னவோ சொல்லிக் கிளப்பியிருக்கிறார் என்று தெரியும். அப்பாவுடைய குடும்ப ஓய்வூதியம் மறுமணம் செய்தால் நின்றுவிடும். உண்மைதான், விதியே அப்படி. வருஷா வருஷம் கருவூலத்துக்கு "மறுமணம் செய்துகொள்ளவில்லை" என்று எழுதிக் கொடுத்துவருகிறேனே, அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூரச் சிரிப்பு வரும். பதிவு செய்யாமல் சும்மா சேர்ந்து இருந்தால் பணம் வருமே என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. எனக்கு அது சரிப்படாது. என் சொந்த பென்ஷன் தொடரும், அது எனக்குப் போதும். கருவூலத்துக்கு நானே எழுதிவிடுவேன்.

வீடு. பாட்டி முன்பே போய்விட்டதால் அப்பாவுக்குப் பிறகு நீயும் நானும் பாதிப் பாதி. நான் கல்யாணம் செய்தால் என் பாதி பறிபோகும் என்று சித்தப்பா சொன்னாராம். போகாது, எனக்கு வந்தது வந்ததுதான். ஆனால் நான் உயில் எழுதாமல் போனால் என் பாதியில் உனக்கும் சாருக்கும் சம பங்கு வரும். இதைச் சொன்னதே சார்தான். அதனால் என் பாதியை உனக்கு எழுதிப் பதிவும் செய்துவிட்டேன். பத்திரம் பீரோவில் இருக்கிறது. ஒரு நிபந்தனை, எதிர்வீட்டு ஆச்சி கேட்டால் அவள் பூப்பறிக்க வேலிப்பக்கம் வழி விடவேண்டும்.

கல்யாணம் எளிமையாகத்தான். 1967-இல் அண்ணா முதல்வராக இருந்தபோது சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்டம் வந்ததே, அந்தப்படி. புரோகிதர் வேண்டாம், நாலு பேர் முன்னால் மாலை மாற்றினால் போதும். அதைத் தொண்ணூறு நாளுக்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடவேண்டும். சாருடைய மகள் கோயம்புத்தூரிலிருந்து வருகிறாள். அவளும் முதலில் இரண்டு மாதம் அப்பாவோடு பேசவில்லை. அப்புறம் ஒருநாள் போனில் என்னிடம், "ஆன்ட்டி, அப்பா காபியில சர்க்கரை போட்டுக் கேட்டா குடுக்காதீங்க" என்றாள். அது சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஆனி மாதம் நெல்லையப்பர் தேரோட்டம் முடிந்த அடுத்த வாரம் வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறோம். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சொதி நானே வைக்கிறேன். மணப்பெண்ணே சமைப்பது வழக்கமில்லைதான், ஆனால் இந்தத் தெருவில் தேங்காய்ப்பாலைத் திரியாமல் இறக்க வேறு ஆள் யார்? தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு சிப்ஸ் எல்லாம் உண்டு. மருமகளும் பேத்தியும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். நீ வருகிறாயா என்பதை மட்டும் இன்னும் யாரும் என்னிடம் சொல்லவில்லை.

வருவதாக இருந்தால் சாருக்கு ஒரு ஜோடி செருப்பு வாங்கி வா. அளவு ஒன்பது. கேமராவைக் கழற்றிப் பரணில் வைத்திருக்கிறேன், தினத்தந்தியில் சுற்றி, சணல் கயிறு கட்டி.

அன்புடன்,
அம்மா