ட்ரிப் ஆன சில்லருக்கு ஜம்பர் போடாதீர்கள்: மணலி, எண்ணூர் ஆலை மேலாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மணலி, எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளின் மேலாளர்களுக்கும் பராமரிப்புப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

மாதவரத்தில் இருந்து எண்ணூர் வரை உள்ள ஆலைகளில் சென்ட்ரிஃபியூகல் சில்லர், அதாவது ஆலைக்கு வேண்டிய தண்ணீரைக் குளிர்விக்கும் பெரிய இயந்திரம், அதன் பராமரிப்பு வேலை பார்ப்பவன் நான். வெயில் ஏறத் தொடங்கியதும் ஃபோனில் வருவது பெரும்பாலும் ஒரே பேச்சு: "சில்லர் ட்ரிப் ஆகிக்கிட்டே இருக்குங்க, பிளான்ட் நிக்குது, ஓட விட்டுட்டுப் போங்க." ஓட விடுவதற்கு நம் பக்கத்தில் பழகிப்போன ஒரு வழி இருக்கிறது. கோளாறு தெரிந்ததும் இயந்திரத்தைத் தானாக நிறுத்தும், அதாவது ட்ரிப் கொடுக்கும் ஸ்விட்சின் இரண்டு முனைகளையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்துவிடுவது. அந்த ஜம்பர் பழக்கத்தை நீங்கள் நிறுத்த வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். ஷிஃப்ட் ஆளால் இதை நிறுத்த முடியாது, உங்களால் முடியும்.

மணலியில் ஒரு ஆலை. பெயர் வேண்டாம். பேனலைத் திறந்தால் குளிர்நீர் ஃப்ளோ ஸ்விட்ச் முனைகளுக்கு நடுவே ஒரு மஞ்சள் ஒயர். வெயிலே படாத பேனலுக்குள் நிறம் வெளுத்து, மேலே தூசி படிந்து கிடந்தது. எப்போது போட்டது, யார் போட்டது என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை. தண்ணீர் ஓட்டம் குறைந்தால் இயந்திரத்தை நிறுத்த வேண்டிய ஸ்விட்ச் அது. ஒரு இரவு பம்பின் ஸ்ட்ரெய்னர் வடிகட்டியில் துருவும் குப்பையும் அடைத்துக்கொண்டன. ஓட்டம் படிப்படியாகக் குறைந்தது. பம்ப் ஓடிக்கொண்டிருந்ததால் பேனலுக்கு எல்லாம் சரி என்றே தோன்றியது. தண்ணீரைக் குளிர்விக்கும் பகுதியான இவாப்பரேட்டருக்குள் தண்ணீர் உறைந்து குழாய்கள் வெடித்தன.

சாதாரணமாகக் குளிர்நீர் 7 டிகிரியில் வெளியே போகிறது. குழாய்க்கு வெளியே உள்ள ரெஃப்ரிஜிரன்ட், அதாவது குளிரூட்டும் பொருள், அதைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில் இருக்கும். பூஜ்ஜியத்துக்கு நமக்கு இருக்கும் இடைவெளி சில டிகிரிகள்தான். ஓட்டம் நின்றால் அந்த இடைவெளி மளமளவென்று கரைந்துவிடும். குழாயின் செம்புச் சுவரோ ஒரு மில்லிமீட்டர் கூட இல்லை. உறைந்து விரியும் தண்ணீரை அது தாங்காது. கிழிந்த பிறகு தண்ணீர் ரெஃப்ரிஜிரன்ட் பக்கம் புகுந்துவிடுகிறது, அங்கிருந்து எண்ணெயிலும் மோட்டாரிலும் சேர்கிறது. அப்புறம் குழாய் மாற்றுவதோடு வேலை முடியாது. முழு இயந்திரத்தையும் பிரித்து உலர்த்த வேண்டும். அந்த ஆலை எந்த உற்பத்தி நேரத்தைக் காப்பாற்ற ஒயர் போட்டதோ, அதைப்போல் பல மடங்கு நேரம் நின்றது. வெப்பம் மிகவும் குறைந்தால் இயந்திரத்தை நிறுத்தும் கட்அவுட் இருந்திருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது. அதன் அளவையும் முன்பே யாரோ கீழே இறக்கி வைத்திருந்தார்கள்.

ஃப்ளோ ஸ்விட்ச் காரணமில்லாமல் தொல்லை கொடுக்கிறது என்று சொல்பவர்கள் நிறைய. காரணம் பெரும்பாலும் குழாயிலேயே தெரியும். துடுப்பு வகை ஸ்விட்சுக்கு இரண்டு பக்கமும் குழாய் விட்டத்தைப்போல் ஐந்து மடங்காவது நேரான நீளம் வேண்டும். வளைவை ஒட்டியே பொருத்தினால் சுழலும் தண்ணீரில் துடுப்பு படபடக்கும். ஸ்விட்சை இடம் மாற்றுங்கள், இல்லை என்றால் அழுத்த வேறுபாட்டை அளக்கும் வகையைப் போடுங்கள். ஒரு ஷட்டவுனில் முடிகிற வேலை.

அடுத்தது நம் ஊர் மே மாதம். கடலோரப் புழுக்கத்தில் கூலிங் டவர் தண்ணீரை ஓரளவுக்கு மேல் குளிர்விக்காது. கொடுங்கையூரில் கழிவுநீரைச் சுத்திகரித்து ஆர்.ஓ. செய்து மணலிப் பக்க ஆலைகளுக்கு நாளுக்கு 45 மில்லியன் லிட்டர் வரை கொடுக்கும் நிலையம் வந்த பிறகு தண்ணீரின் தரம் தேறியிருக்கிறது, உண்மை. டவர் இழுக்கும் காற்று அப்படியேதான் இருக்கிறது. கன்டெய்னர் லாரிப் புழுதி, நிலக்கரித் தூசி எல்லாம் அந்தத் தண்ணீரில்தான் இறங்குகிறது, அங்கிருந்து, ரெஃப்ரிஜிரன்டின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரின் குழாயில் ஒட்டுகிறது. ஆர்-134ஏ என்ற ரெஃப்ரிஜிரன்டில் ஓடும் இயந்திரத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 8.5, 9 கிலோ காட்ட வேண்டிய கண்டென்சர் அழுத்தம் மேலே ஏறுகிறது. ஹை பிரஷர் கட்அவுட் நிறுத்துகிறது. உடனே அந்தக் கட்அவுட்டின் அளவை ஏற்றச் சொல்கிறார்கள்.

ஏற்றுவதற்கு முன் லாக் ஷீட்டை எடுத்துப் பாருங்கள். கண்டென்சரில் ரெஃப்ரிஜிரன்ட் வெப்பத்துக்கும் வெளியேறும் தண்ணீர் வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசம், அப்ரோச் என்கிறோமே அது, சுத்தமான இயந்திரத்தில் 1, 2 டிகிரிதான் இருக்கும். 4, 5 என்று ஏறியிருந்தால் குழாயில் அழுக்கு, அல்லது உள்ளே காற்று. பழைய ஆர்-123 இயந்திரங்களில் இவாப்பரேட்டர் வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்தில் ஓடுவதால், சின்ன ஓட்டை இருந்தாலும் காற்று உள்ளேதான் போகும். புகுந்த காற்றை வெளியேற்றும் பர்ஜ் யூனிட் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிரஷ் போட்டுக் குழாய் தேய்த்ததும் ட்ரிப் நின்றுபோன இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இதே அழுத்தம்தான் சர்ஜையும் கொண்டுவருகிறது. கம்ப்ரஸரில் சுழலும் இம்பெல்லர் வேகத்தால் வாயுவை வீசித் தள்ளித்தான் அழுத்தம் உண்டாக்குகிறது. லோடு குறைந்து, வாயு நுழையும் வழியில் உள்ள வேன் தகடுகள் பாதி மூடி, கண்டென்சர் அழுத்தமும் அதிகமாக இருந்தால் ஒரு கட்டத்தில் அதனால் தள்ள முடியாது, வாயு திரும்பப் பாயும், அதுதான் சர்ஜ். ஒருமுறை கேட்டவர்களுக்கு அந்தச் சத்தம் மறக்காது: அடிவயிற்றில் இருந்து வரும் ஓர் உறுமல், அதோடு ஆம்பியர் மேலும் கீழும் ஆடும், தரை அதிரும். ஒவ்வொரு உறுமலுக்கும் த்ரஸ்ட் பேரிங் அடி வாங்குகிறது. சில நிமிடங்களில் இத்தனை சர்ஜ் வந்தால் நிறுத்து என்று கன்ட்ரோலரில் ஓர் எண்ணிக்கை இருக்கும். அதைக் கூட்டி வைப்பதும் ஜம்பர் போடுவதும் ஒன்றுதான்.

எண்ணெய் விஷயம் சுருக்கமாக. ஞாயிற்றுக்கிழமை கரண்ட் மிச்சம் பிடிக்க ஆயில் ஹீட்டரை அணைக்காதீர்கள். ஆறிப்போன எண்ணெய் ரெஃப்ரிஜிரன்டை உறிஞ்சிக்கொள்ளும். திங்கள் காலை ஸ்டார்ட் செய்தவுடன் நுரைத்துப் பொங்கும், ஆயில் பிரஷர் விழும், ட்ரிப் ஆகும். இந்த ட்ரிப்புக்கும் ஜம்பர் போட்டு ஓட்டிய இடங்கள் உண்டு. அங்கே பேரிங் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதுவரை சொன்னது இயந்திரம் போகும் கதை. ஆள் போகும் கதையும் இருக்கிறது. ஆர்-134ஏ வாயு காற்றைவிட மூன்றரை மடங்கு கனமானது. நிறமில்லை, கண்ணில் எரிச்சலும் வராது. கசிந்தால் தரையோடு பரவி, பம்ப் குழியிலும் வால்வு குழியிலும் நிறைந்து, அங்கே இருக்க வேண்டிய காற்றை வெளியே தள்ளிவிடும். குழிக்குள் இறங்குபவன் பெரும்பாலும் கான்ட்ராக்ட் பையன். கசிவு காட்டும் டிடெக்டர் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கிறது என்று அதன் ஒயரைப் பிடுங்கிவிட்ட அறைகள் இருக்கின்றன. அழுத்தம் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வின் குழாய் கூரைக்கு வெளியே போகாமல் அறைக்குள்ளேயே முடிவதையும் பார்த்திருக்கிறேன். வால்வு திறந்தால் இயந்திரத்தில் உள்ள மொத்த ரெஃப்ரிஜிரன்டும் அந்த அறையில்தான் இறங்கும். தயவுசெய்து முதலில் இந்த இரண்டையும் சரிபாருங்கள்.

போபாலில் 1984 டிசம்பர் 2 இரவு நடந்ததற்குக் காரணங்கள் பல. அவற்றில் ஒன்று, நச்சு திரவம் இருந்த தொட்டியைக் குளிர்விக்க வேண்டிய ரெஃப்ரிஜிரேஷன் அமைப்பு மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டுக் கிடந்தது. நம் பக்கத்தில் 2023 டிசம்பர் 26 நள்ளிரவு எண்ணூர் பெரியகுப்பத்தில் அம்மோனியா கசிந்து, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு சனங்கள் ஓடினார்கள். உங்கள் மதில் சுவருக்கு அந்தப் பக்கம் வீடுகள்தான் இருக்கின்றன. உங்கள் சில்லர் எந்த ரியாக்டரையும் எந்தத் தொட்டியையும் குளிர்விக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

இரவு இரண்டு மணிக்கு ரீசெட் பட்டன் முன்னால் நிற்பவரை நினைத்துப் பாருங்கள். மறுபக்கம் புரொடக்‌ஷனில் இருந்து ஃபோன் மேல் ஃபோன். ஒருமுறை ரீசெட் அடிக்கிறார், திரும்ப ட்ரிப். மூன்றாவது முறை "ஒயரைப் போட்டு ஓட்டுப்பா, காலைல பாத்துக்கலாம்" என்று ஒரு குரல் சொல்கிறது. வாய்மொழியாகத்தான். காலையில் யாரும் பார்ப்பதில்லை. போபாலுக்குப் பிறகு 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, அபாயகரமான தொழில் நடக்கும் இடத்தில் ஆபத்து நெருங்குவதாகத் தெரிந்தால் மேலாளரிடம் சொல்லும் உரிமையைத் தொழிலாளிக்கும், உடனே சரிசெய்யும் கடமையை மேலாளருக்கும் சேர்த்தே எழுதினார்கள். அந்த உரிமை சில்லர் அறையில் நிற்பவருக்கும் உண்டு என்று நீங்களே அவரிடம் சொல்லுங்கள். ஒரே ட்ரிப் இரண்டாவது முறை வந்தால் ரீசெட் அடிக்கத் தேவையில்லை, மேலதிகாரியை எழுப்பலாம், அதற்காக மெமோ வராது என்று எழுதிப் பேனல் பக்கத்தில் தமிழில் ஒட்டுங்கள். இந்தி பேசும் தம்பிகள் இருந்தால் அவர்கள் மொழியிலும் ஒட்டுங்கள்.

தவிர்க்கவே முடியாமல் ஒரு பாதுகாப்பை விலக்கித்தான் ஆக வேண்டும் என்றால் அது எழுத்தில் இருக்கட்டும்: எது, ஏன், எத்தனை மணி வரை, அதுவரை யார் கண்காணிப்பது. கையெழுத்து மேலாளருடையதாக இருக்க வேண்டும், ஆபரேட்டருடையதாக இருக்கக் கூடாது. வருடாந்திர சர்வீஸில் கட்அவுட்களை ஒவ்வொன்றாகச் சோதித்து, உண்மையிலேயே இயந்திரம் நிற்கிறதா என்று காட்டச் சொல்லுங்கள். என்னைப் போன்றவர்கள் "செக்டு, ஓகே" என்று எழுதிக் கொடுப்பதை மட்டும் வைத்துக் கையெழுத்துப் போடாதீர்கள்.

மே மாதத்துக்கு முன்னால் ஒருநாள் ஒதுக்குங்கள். இயந்திரத்தை நிறுத்தி, மெயினை லாக் செய்து, வயரிங் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேனலில் முனை முனையாகப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள். வரைபடத்தில் இல்லாத ஒயர் ஏதாவது இருந்தால், அதை எடுத்த பிறகு எந்த ட்ரிப் வருகிறதோ அந்தக் கோளாறைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இப்படிக்கு,
வடசென்னையில் சில்லர் வேலை செய்யும் ஒருவன்