சிப் தட்டுப்பாடு மறுபடி வந்தால் சிறுதொழிலுக்கு எந்த இடம்?

சிப் ஆலைகளுக்கு மானியம் தரும் இந்தியா செமிகண்டக்டர் மிஷன் அதிகாரிகளுக்கு, வணக்கம்.

கோவையில் விவசாய மோட்டார்களுக்கு ஸ்டார்ட்டர் பேனல் செய்யும் சிறு நிறுவனமொன்றில் கொள்முதல் பார்க்கிறேன். மூன்று ஃபேஸில் ஒன்று போனால் மோட்டார் புகைந்துவிடாமல் நிறுத்துவது எங்கள் போர்டில் இருக்கும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர், அதாவது குட்டிக் கணினி போன்ற சிப். விலை ஐம்பது ரூபாய்கூடப் பெறாது.

2021-இல் அது கிடைக்கவில்லை. டீலர் ஓராண்டு காத்திருக்கச் சொன்னார். கார் கம்பெனிகளுக்கே பங்கிட்டுக் கொடுத்த காலத்தில் எங்களுக்கு ஏது பங்கு? வெளிச்சந்தையில் பல மடங்கு விலைக்கு வாங்கினோம். அசிட்டோன் நனைத்த பஞ்சால் துடைத்ததும் சிப்பின் மேல் இருந்த எண் கரைந்து பஞ்சோடு வந்தது. அடியில் வேறொரு எண்ணின் தடம். கழித்துப்போட்ட போர்டிலிருந்து பிடுங்கி, மேலே சுரண்டி, புதுப் பெயர் அச்சிட்ட சரக்கு.

அந்த ஆண்டு டெக்சாஸில் பனியால் சிப் ஆலைகள் நின்றன, ஜப்பானில் ரெனசாஸ் சிப் ஆலையில் தீ. 2025-இல் இயற்கையின் உதவிகூடத் தேவைப்படவில்லை. சீன உரிமையாளரின் கையில் இருந்த நெக்ஸ்பீரியா என்ற டச்சு சிப் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை நெதர்லாந்து அரசு கையிலெடுத்தது. பதிலுக்குச் சீனா, தன் மண்ணில் டோங்குவானில் இருக்கும் நெக்ஸ்பீரியா ஆலையின் சரக்கை வெளியே விட மறுத்தது. ஐரோப்பாவில் செய்த வேஃபரை (சிப்கள் பதித்த சிலிக்கன் தட்டை) வெட்டிப் பேக்கிங் செய்வது பெரும்பாலும் அங்கேதான். மெக்சிகோவில் ஹோண்டாவின் கார் உற்பத்தி நின்றது. டையோடு, டிரான்சிஸ்டர் போன்ற சில்லறைச் சரக்குக்காக!

குஜராத்தின் தொலேராவில் வரும் சிப் ஆலை 28 முதல் 110 நானோமீட்டர் வரை செய்யும் என்கிறீர்கள். எங்களுக்கு வேண்டியதும் அந்தப் பழைய ரகம்தான். (எண் குறையக் குறையப் புது ரகம்; இரண்டு நானோமீட்டர் எங்கே என்று கேட்பவர்களைப் பொருட்படுத்தாதீர்கள்.) ஆனால் ஆலை சிப் நிறுவனங்களுக்குச் செய்து கொடுக்கும், அவை பெரிய வாடிக்கையாளரை முதலில் கவனிக்கும். வியாபாரம் அப்படித்தான். ஆலைச் செலவில் பாதியை மத்திய அரசு ஏற்கிறதே, எங்கள் வாதம் அங்கேதான் தொடங்குகிறது.

2023-இல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய சிப் சட்டம், நெருக்கடியில் அத்தியாவசியத் துறைகளின் ஆர்டரை முதலில் எடுக்கும்படி, அச்சட்டத்தின் சலுகை பெற்ற ஆலைகளுக்கு உத்தரவிட வழி வைத்திருக்கிறது. நம் மானிய ஒப்பந்தத்தில் அப்படியொரு ஷரத்து இருந்தால் வெளியிடுங்கள். இல்லையென்றால் சேருங்கள். பம்ப்செட், மின் மீட்டர், மருத்துவக் கருவி செய்யும் சிறு நிறுவனங்கள் கூட்டாக ஆர்டர் கொடுக்கவும் அதில் இடம் வேண்டும். ஒரு வேஃபரில் ஆயிரக்கணக்கில் வரும் சிப்பைத் தனியாக எடுக்க எங்களில் பலருக்கு வசதியில்லை. சேர்ந்தால் எடுப்போம், முன்பணமும் கட்டுவோம்.

இப்படிக்கு,
கொள்முதல் பிரிவு ஊழியர் ஒருவர்,
கோயம்புத்தூர்