ஓடுகிற வண்டியாகப் பார்த்து வாங்கு

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய படங்கள் எல்லாவற்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். 1984-ஆம் வருடத்து ஹோண்டா கோல்ட்விங் மோட்டார் சைக்கிள், ஜிஎல் 1200. பல வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. நிறுத்தும்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தது என்று விற்பவர் சொல்கிறார். முதல் வண்டியும் அதுவே, பிரித்துச் சரிசெய்து கற்றுக்கொள்ளப் போகும் வண்டியும் அதுவே என்று எழுதியிருக்கிறாய். சின்னதாக, புதிதாக ஒன்று வாங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள், நீங்களும் அதையேதான் சொல்லப் போகிறீர்களா அப்பா என்றும் கேட்டிருக்கிறாய்.

இல்லையம்மா. பழைய டூரிங் வண்டி, அதாவது நெடுந்தூரப் பயணத்துக்கான வண்டி, என்பது நல்ல யோசனை. உன் கையால் ஸ்பேனர் பிடிக்க ஆசைப்படுகிறாய் என்பதில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது. ஆனால் இந்த வண்டி வேண்டாம். வயதைச் சொல்லி மறுக்கவில்லை. வேறு காரணங்கள் இருக்கின்றன, கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் உன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்து டூரிங் வண்டிகள் நாள் முழுக்க ஓடுவதற்கென்றே கட்டப்பட்டவை. எஞ்சின் பெரியது, ஆனால் அதைப் பிழிந்து வேலை வாங்கமாட்டார்கள். அதனால் ஆயில் ஒழுங்காக மாற்றப்பட்ட எஞ்சின் லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியும் அமைதியாக ஓடும். பெரும்பாலானவற்றில் செயின் இல்லை, ஷாஃப்ட் டிரைவ்: பின் சக்கரத்தைச் சுற்றுவது ஒரு உலோகத் தண்டு. நிமிர்ந்து உட்காரலாம், காற்று நெஞ்சில் அறையாது, பெட்டி வைக்க இடம் உண்டு. 1974-ல் கொலோன் கண்காட்சியில் ஹோண்டா முதல் கோல்ட்விங்கைக் காட்டியபோதே இதெல்லாம் வடிவம் பெற ஆரம்பித்துவிட்டது: 999 சிசி, பக்கத்துக்கு இரண்டாகப் படுத்த நான்கு சிலிண்டர், தண்ணீரால் குளிரூட்டல். பெட்ரோல் டேங்கைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டார்கள். வழக்கமாக டேங்க் இருக்கும் இடத்தில் நீ பார்ப்பது வெறும் மூடிதான். நீ பார்த்த 1200-ல் வால்வு இடைவெளியை ஹைட்ராலிக் முறையில் எஞ்சினே சரிசெய்துகொள்ளும். அருமையான வண்டி அது, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது.

ஆனால் எடை 300 கிலோவுக்கு மேல். ஓட ஆரம்பித்துவிட்டால் அது தெரியாது என்று கோல்ட்விங் வைத்திருப்பவர்கள் சொல்வார்கள், உண்மைதான், எடையெல்லாம் தாழ்வாக இருப்பதால். தெரிவது நிற்கும்போதும் நடைவேகத்திலும். புதிதாக ஓட்டுகிறவளுக்கு முதல் சில மாதங்கள் கழிவதே அந்த வேகத்தில்தான்: யு-திருப்பம், சரிவில் நிறுத்தம், சரளைக்கல் போட்ட இடத்தில் திரும்புதல், பின்னால் தள்ளி வெளியே எடுத்தல். ஹேண்டில்பாரைத் திருப்பியபடி முன் பிரேக்கைப் பிடித்தால் எந்த வண்டியும் சட்டென்று சாயும். 180 கிலோ வண்டியைக் கால் ஊன்றித் தாங்கிவிடலாம். இதை ஒரு கோணத்துக்கு மேல் சாய்ந்த பிறகு யாராலும் தாங்க முடியாது. அப்போது விட்டுவிட்டு விலக வேண்டும், காலை அடியில் கொடுக்கக் கூடாது. வண்டி விழுவதைவிட அதைப் பிடித்து நிறுத்தப் பார்ப்பதில்தான் முதுகும் கணுக்காலும் போகும். ஒரு தடவை அப்படி விழுந்த பிறகு, வண்டியை வெளியே எடுக்கவே மனம் தயங்கும். உனக்கு அந்தத் தயக்கம் வந்துவிடக் கூடாது என்பதுதான் என் பெரிய கவலை.

அடுத்தது, அது நின்றுகொண்டிருந்த வருடங்கள். ஓடாத வண்டி அப்படியே பத்திரமாக இருக்கும் என்று தோன்றும், ஆனால் நிற்கிற வண்டிதான் சீக்கிரம் கெடும். பெட்ரோலில் எளிதில் ஆவியாகும் பகுதி போய்விட்டால் மிச்சம், பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டருக்குள் பிசினாகப் படியும். அதில் பெட்ரோல் போகும் சின்னக் குழலான பைலட் ஜெட்டில் இருக்கும் துளை முடி அளவுதான், அதுதான் முதலில் அடையும். இந்த வண்டியில் கார்புரேட்டர் நான்கு. நான்கையும் கழற்றிச் சுத்தம் செய்து, ரப்பர் வளையங்களை மாற்றி, மறுபடி பூட்டி, நான்கும் ஒரே அளவில் இழுக்கும்படி வேக்குவம் கேஜ் (உறிஞ்சும் அழுத்தத்தை அளக்கும் கருவி) வைத்துச் சரிசெய்ய வேண்டும். டேங்க் உள்ளே துருப்பிடித்திருந்தால் எவ்வளவு சுத்தம் செய்தாலும் அந்தத் துரு மறுபடி ஜெட்டுக்கே வந்து சேரும். பிரேக் பிஸ்டன், டிஸ்கைக் கவ்வும் காலிப்பருக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். ஏர் ஃபில்ட்டர் பெட்டிக்குள் எலி கூடு கட்டியிருக்கலாம், ஒயரைக் கடித்திருக்கலாம்.

இதையெல்லாம்விட முக்கியம் டைமிங் பெல்ட். நான்கு சிலிண்டர் கோல்ட்விங்கில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்டைச் சுற்றுவது இரண்டு ரப்பர் பெல்ட்கள். பெல்ட் அறுந்தாலோ பல் தாண்டினாலோ வால்வு போய் பிஸ்டனில் மோதி வளையும். பழைய பெல்ட்டோடு ஸ்டார்ட் பண்ணிக் காட்டுகிறேன் என்று விற்பவர் பட்டனை அழுத்தினால், அந்த ஒரு நொடியில் எஞ்சினே போகலாம். பேட்டரியை சார்ஜ் செய்யும் ஸ்டேட்டர் எரிந்துபோவதும் இந்த மாடலில் தெரிந்த பிரச்சினை. அது எஞ்சினின் பின்பக்கம் இருப்பதால் மாற்றுவதற்கு எஞ்சினையே கீழே இறக்க வேண்டும். முதல் தடவை ஸ்பேனர் பிடிக்கிறவளுக்கு இது வேண்டாம்.

நீ இரண்டு ஆசைகளை ஒரே வண்டியில் கட்டப் பார்க்கிறாய். ஓட்டக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் வண்டி தினமும் ஸ்டார்ட் ஆக வேண்டும். பிரித்துக் கற்றுக்கொள்ள வேண்டுமானால் அது மாதக்கணக்கில் தரையில் கிடக்க வேண்டும். வெளியே எடுத்துப் போன சந்தோஷம் இல்லாமல், ஒவ்வொரு விடுமுறையும் வராத பாகத்துக்காகக் காத்திருந்தால், எவ்வளவு ஆர்வமும் தேய்ந்துவிடும். பாதி பிரித்த வண்டிகள் இவ்வளவு விற்பனைக்கு வருவது அதனால்தான். உனக்குத் தேவை, இன்றைக்கே ஓடுகிற, ஆனால் செய்வதற்கு நிறைய வேலை மிச்சமிருக்கிற பழைய வண்டி. ஒரு வேலையை எடுத்து, முடித்து, ஓட்டிப் பார்த்து, அப்புறம் அடுத்ததைத் தொடு.

என் மனதில் இருப்பது பிஎம்டபிள்யூ கே75. 1985-லிருந்து 1990-களின் நடுப்பகுதி வரை வந்த வண்டி. 740 சிசி, மூன்று சிலிண்டர், பக்கவாட்டில் படுக்கவைத்த எஞ்சின், ஷாஃப்ட் டிரைவ், அதிர்வு குறைவு. முன்னால் காற்றைத் தடுக்கும் பிளாஸ்டிக் உறையான ஃபேரிங் பெரிதாக இல்லாத மாடல் சுமார் 230 கிலோதான். கார்புரேட்டர் கிடையாது, பெட்ரோலைப் பீய்ச்சும் ஃப்யூவல் இன்ஜெக்ஷன். டேங்க் அலுமினியம், துருப்பிடிக்காது. சைடு ஸ்டாண்டில் விட்டுவிட்டு மறுநாள் ஸ்டார்ட் செய்தால் வெள்ளையாகப் புகையும், அதைப் பார்த்துப் பயப்படாதே, படுத்த சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் இறங்குவதால் வருவது. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தினால் குறைந்துவிடும். டேங்குக்குள் பம்பைத் தாங்கும் ரப்பர் பழைய பெட்ரோலில் ஊறிக் களியாகிவிடும், மூடியைத் திறந்து பார்த்தால் தெரியும். உனக்குப் பிரிக்கிற ஆசை தீர ஒரு நல்ல வேலையும் இதில் இருக்கிறது: கிளட்சோடு கியர்பாக்ஸைக் கோக்கும் பல்வெட்டுத் தண்டான ஸ்ப்ளைனுக்கு சில வருடங்களுக்கு ஒருமுறை கியர்பாக்ஸை இறக்கி கிரீஸ் போட வேண்டும். நிறைய பேர் அதைச் செய்யாமலே விட்டிருப்பார்கள்.

ஹோண்டா சிஎக்ஸ் 500-ம் நல்ல தேர்வுதான். 1978-ல் வந்தது, V வடிவில் 80 டிகிரியில் பிரிந்த இரண்டு சிலிண்டர் (வி-ட்வின்), தண்ணீர்க் குளிரூட்டல், ஷாஃப்ட். 1981-ல் இதே எஞ்சினை வைத்து சில்வர்விங் என்று டூரிங் மாடல் போட்டார்கள். கார்புரேட்டர் இரண்டே இரண்டு, கற்றுக்கொள்ள ஏற்றது. வால்வு இடைவெளியை ஸ்க்ரூ திருப்பி நீயே சரிசெய்யலாம். ஸ்டேட்டர் போனால் இதிலும் எஞ்சினை இறக்க வேண்டும், அதனால் சார்ஜிங்கைச் சோதிக்காமல் வாங்காதே. இரண்டில் எனக்குப் பிடித்தது கே75. ஓட்டுவதற்கு நேரம் அதிகம் மிஞ்சும்.

எதைப் பார்க்கப் போனாலும், எஞ்சினைச் சூடாக்கி வைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடு. போனதும் கையை வைத்துப் பார். சூடாக இருந்தால் குளிர்ந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகச் சிரமப்படுகிறது என்று சந்தேகப்படலாம். மல்டிமீட்டர் கையோடு எடுத்துப் போ. நிற்கும்போது பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டி இருக்க வேண்டும், ஆக்சிலேட்டர் கொடுத்ததும் 13.5-க்கு மேல் ஏறி 14.5-க்குள் நிற்க வேண்டும். ஏறவில்லை என்றால் ஸ்டேட்டர் அல்லது வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் கோளாறு, சில சமயம் ஒயர்களை இணைக்கும் கப்ளர் கருகியிருப்பதும் காரணமாக இருக்கும். சென்டர் ஸ்டாண்டில் போட்டு முன் சக்கரம் தரையைத் தொடாதபடி பின்பக்கத்தை அழுத்தச் சொல்லி, ஹேண்டிலை மெதுவாகத் திருப்பு. நடுவில் ஒரு இடத்தில் பல்லில் சிக்கியதுபோல் நின்றால் ஹேண்டில் திரும்பும் பேரிங்கான கோன் செட் தேய்ந்துவிட்டது. முன் பிரேக்கைப் பிடித்து விட்ட பிறகும் சக்கரம் இறுகியே இருந்தால் பிரேக் ஹோஸ் உள்ளே ஊதியிருக்கலாம். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் குழாயில் ஆயில் பிசுபிசுப்பு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். ஏபிஎஸ் உள்ள வண்டியானால், நகர ஆரம்பித்ததும் அதன் எச்சரிக்கை விளக்கு அணைய வேண்டும். பேப்பரில் இருக்கும் சேஸி நம்பரும் ஃப்ரேமில் அடித்திருப்பதும் ஒன்றா என்று எழுத்துக்கு எழுத்து ஒப்பிடு. இதில் ஒரு எழுத்து மாறினாலும் திரும்பி வந்துவிடு.

ஃபேரிங்கில் உடைந்த துண்டுகளை எண்ணிப் பார். பழைய வண்டிக்கு எஞ்சின் பாகம் எங்கேயாவது கிடைத்துவிடும், பிளாஸ்டிக் கிடைக்காது.

வாங்கிக் கொண்டுவந்ததும் முதல் வேலை பெயின்ட் இல்லை, பளபளப்பு இல்லை. டயரும் பிரேக்கும்தான். டயரின் பக்கத்தில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019-ன் 23-ஆவது வாரத்தில் செய்தது. மூன்று இலக்கம்தான் இருக்கிறதென்றால் அது 2000-க்கு முந்தைய டயர். டயரின் பட்டன் ஆழமாக இருக்கிறதே என்று ஏமாறாதே, ரப்பர் கல்லாகியிருக்கும், ஈரத்தில் வழுக்கும். பிரேக் ஃப்ளூயிட் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். மூடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே ஊற்று, டாட் 4 கேட்கும் வண்டியில் டாட் 5 ஊற்றக் கூடாது. பழைய ரப்பர் ஹோஸைக் கழற்றிவிட்டு ஸ்டீல் பின்னல் ஹோஸ் போட்டுவிடு. பிரேக் வேலையை முதல் தடவை நீ செய், ஆனால் ஓட்டுவதற்கு முன்னால் விவரம் தெரிந்த ஒருவர் பார்க்கட்டும். இதில் மட்டும் எனக்கு விட்டுக்கொடுக்க மனமில்லை.

எல்லாவற்றுக்கும் முன்னால், அந்த மாடலுக்கான சர்வீஸ் மேனுவலை வாங்கு. எந்த போல்ட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று அதில் இருக்கும். அலுமினியத்தில் போல்ட்டைக் கை பலத்தால் இறுக்கினால் மரை போய்விடும், இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் எதையும் தொடாதே. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் போனில் படம் எடுத்துக்கொள். ஒயரிங்கில் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்று. பெட்ரோல் வேலையை மூடிய அறைக்குள் செய்யாதே.

ஓட்டுவதைப் பள்ளியில் அவர்களுடைய சின்ன வண்டியில் கற்றுக்கொள். விழுந்தால் அது அவர்கள் வண்டி, நீ பதறமாட்டாய். உன் வண்டி வந்த பிறகு, பெட்டிகளைக் கழற்றிவிட்டு, காலியான மைதானத்தில் ஹாஃப் கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி விட்டபடி, பழகு. மெதுவாகப் போகும்போது முன் பிரேக்கைத் தொடாமல் பின் பிரேக்கை லேசாக மிதித்தபடி ஓட்டு, திரும்பும்போது போகவேண்டிய இடத்தைப் பார், கீழே பார்க்காதே. பின்னால் ஆள் ஏற்றுவது இந்த வருடம் வேண்டாம்.

கோல்ட்விங்காரரிடம் வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லிவிடு. அந்த ஊரிலும் பக்கத்து ஊர்களிலும் கே75 ஏதாவது விற்பனைக்கு இருக்கிறதா என்று தேடி, இரண்டு மூன்று கிடைத்ததும் எனக்கு அனுப்பு. டயரின் இலக்கம், டேங்கின் உட்புறம், பேட்டரி டெர்மினல், ஃபேரிங் போல்ட் பிடிக்கும் இடங்கள், இவ்வளவும் தெளிவாகத் தெரிகிற படங்களாக இருக்கட்டும். பார்க்கப் போகும் அன்று வீடியோவில் என்னைக் கூப்பிடு. முதல் ஸ்டார்ட்டின் சத்தத்தை நான் கேட்க வேண்டும், அதற்கு முன்னால் முன்பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா