‘பிலிப்பினோ’ யாருடைய பெயர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

பிலிப்பைன்ஸ் தேசிய உணர்வு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை நாவலாசிரியர் ஹோசே ரிசாலில் தொடங்கி ரிசாலிலேயே முடிகிறது. அவர் பெருமையில் ஐயமில்லை. ஆனால் மூன்று குருக்கள் கொல்லப்பட்டு வினை விளைந்த 1872இல் அவருக்கு வயது பத்துதான்.

‘பிலிப்பினோ’ என்ற பெயர், ஸ்பெயின் ஆண்ட அந்தக் காலத்தில் தீவுகளில் பிறந்த ஸ்பானியருக்கே உரியது. மண்ணின் மக்கள் வெறும் ‘இந்தியோ’. அந்தப் பெயர் கைமாறத் தொடங்கியது, கேட்டால் சப்பென்றிருக்கும், பங்குக் கோயில்களுக்கான, அதாவது ஊர்த் தேவாலயங்களுக்கான சண்டையில். 1859இல் இயேசு சபையார் திரும்பி வந்தார்கள். தெற்கே மிண்டனாவோத் தீவின் மறைபணி அவர்களிடம் போனது. அதை இழந்த ரெக்கலெக்ட் என்ற சபையின் துறவியருக்கு ஈடு கொடுக்க 1861இல் அரசாணை பிறந்தது. மணிலாவுக்கு அருகே கவீட்டே வட்டாரத்தில் உள்ளூர்க் குருக்கள் நடத்திய பங்குகள் காலியாகக் காலியாகத் துறவியர் கைக்குப் போயின. படித்துப் பட்டம் பெற்ற குருவும் துறவிக்கு உதவியாளராகவே காலம் தள்ள வேண்டியதாயிற்று. இதை எதிர்த்து எழுதியவர்களில் முதன்மையானவர் ஹோசே பூர்கோஸ்.

கவீட்டே கலகத்தைக் கட்டுரை ‘விடுதலைப் போர்’ என்கிறது. அதன் வேர் கூலியில் இருக்கிறது. படைக்கலச் சாலைத் தொழிலாளருக்குத் தலைவரியும், ஆண்டுக்கு 40 நாள் கட்டாய வேலையும் கிடையாது என்றிருந்தது. ஆளுநர் இஸ்கியேர்தோ அந்தச் சலுகையை ரத்து செய்தார். 1872 ஜனவரி 20 அன்று கூலியில் பிடித்தம் கண்டவர்களும் படைவீரர்களுமாகச் சுமார் 200 பேர், சார்ஜென்ட் லா மத்ரித் தலைமையில் கோட்டையைப் பிடித்தார்கள். மணிலாத் திருவிழா வாணவேடிக்கையை அங்குள்ள படையின் சைகை என்று தவறாக எண்ணிவிட்டார்கள் என்பார்கள். எப்படியோ, மணிலாவிலிருந்து உதவி வரவில்லை, கோட்டை வீழ்ந்தது.

அதோடு விட்டிருந்தால் அது ஒரு கூலிக் கலகமாகவே மறந்து போயிருக்கும். இஸ்கியேர்தோ அதைப் பிரிவினைச் சதியாக்கிக் குருக்கள் மீது கை வைத்தார். சூதாட்டப் பிரியரான குரு சமோராவின் வீட்டில் ‘வெடிமருந்தும் குண்டும் கொண்டு வருகிறோம்’ என்ற சீட்டு சிக்கியதாம். சூதாடிகள் பேச்சில் அது பணம். நீதிமன்றத்தில் அது ஆயுதம். பிப்ரவரி 17 அன்று 72 வயது கோமெஸ், 35 வயது பூர்கோஸ், சமோரா மூவரையும் மணிலாவின் பாகும்பாயன் திடலில் கழுத்து இறுக்கும் கருவியில் கொன்றார்கள். அவர்களது குருப்பட்டத்தைப் பறிக்கும்படி அரசு கேட்டும் பேராயர் மறுத்துவிட்டார். அரசின் வழக்கு அங்கேயே பல்லிளித்துவிட்டது.

ரிசால் தம் இரண்டாவது நாவலை 1891இல் இந்த மூவருக்கே காணிக்கையாக்கினார். 1892 ஜூலையில் தோன்றிய கட்டிப்புனான் இரகசியச் சங்கத்தில் இரண்டாம் நிலை உறுப்பினரின் அடையாளச் சொல் ‘கோம்பூர்சா’, மூவர் பெயரையும் ஒட்டிய சொல். மூன்றாம் நிலைக்கு ‘ரிசால்’. வரிசை தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

இப்படிக்கு,
வரலாறு கற்பிக்கும் வாசகர்